மருந்து கேட்கலைன்னா...

போன வாரம் தாராபுரத்திலிருந்து பங்காளி அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். அண்ணிக்கு எட்டு வருடமாக மனச்சோர்வு. யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன மெசின், அதிலிருந்து கழுத்து நரம்புக்கு ஒரு ஒயர். "ஏந்தம்பி, எந்த மருந்தும் கேக்கலை. இதை வெச்சுப்போட்டா செரியாப் போயிருமா? கெணத்து மேட்டுல இருக்கற அரை ஏக்கரைக் குடுத்துப்போடலாம்னு இருக்கேன்" என்றார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நம் பக்கம் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும்.

அந்த மெசின் நிஜம். மூளையின் அடித்தண்டில் கிளம்பி, கழுத்து வழியாக இதயம், குடல் வரை இறங்குகிற வேகஸ் நரம்பு நம் எல்லோருக்கும் உண்டு. கழுத்தின் இடது பக்கம் அந்த நரம்பைச் சுற்றி ஒயரின் நுனியை மாட்டுகிறார்கள். இதயத் துடிப்போடு வலது பக்க நரம்புக்குத் தொடர்பு அதிகம் என்பதால் இடதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் 30 நொடி மெல்லிய மின்துடிப்பு, பிறகு 5 நிமிடம் ஓய்வு, இரவும் பகலும் இப்படியே. முதலில் வலிப்பு நோய்க்குத்தான் வந்தது, அமெரிக்காவில் 1997-ல் அனுமதி கிடைத்தது. வலிப்புக்காக வைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு மனநிலையும் தேறியதைக் கவனித்துத்தான் மனச்சோர்வுக்கும் முயன்று பார்த்தார்கள். 2005-ல் அதற்கும் அனுமதி வந்தது. ஆனால் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சிகிச்சைகளைச் சரியாக எடுத்தும் பலன் கிடைக்காத பெரியவர்களுக்கு மட்டும்தான். அதுவும் மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்து.

வீடியோவில் சொல்லாதது நிறைய. மெசின் துடிக்கிற நேரத்தில் குரல் கரகரக்கும், சிலருக்கு இருமல் வரும். சில வருடங்களில் பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். முக்கியமாக, இது மெதுவான வைத்தியம். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பத்து வாரத்தில் பார்த்த ஆரம்பகாலச் சோதனையில், மெசினை ஓடவிட்டவர்களுக்கும் ஓடவிடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. பிறகு 795 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த ஒரு பதிவேட்டில், மெசின் வைத்தவர்களில் 67.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் நல்ல பலன் தெரிந்தது, வைக்காதவர்களில் 40.9 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் யாருக்கு மெசின் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, அதனால் அதை அப்படியே நம்பிவிட முடியாது. சமீபத்தில் சுமார் 500 பேரை வைத்து முறையான சோதனை நடந்தது. எல்லோருக்கும் மெசினை வைத்துவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் ஓடவிட்டார்கள். வந்தவர்கள் சராசரியாக 13 சிகிச்சை பார்த்துத் தோற்றவர்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முதன்மையாக எடுத்துக்கொண்ட அளவுகோலில் இரண்டு குழுவுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. வேறு சில அளவுகோல்களில் மெசின் ஓடியவர்கள் மேல். ஓடாதவர்களும்கூட ஓரளவு தேறியிருந்தார்கள்.

இந்தக் கடைசி விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பல வருடம் கைவிடப்பட்டவர்களை ஒருவர் விடாமல் வரச்சொல்லி, உட்கார வைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வருடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் பலன் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. காங்கேயம் பக்கம் ஊர். கண்ணபுரம் மாட்டுச் சந்தையை ஒரு வருடம்கூட விடாத மனுசன். 2016 வறட்சியில் போர் ஆயிரம் அடி போயும் ஈரமண்கூட வரவில்லை. அப்போது படுத்தவர்தான். தண்ணீர்க் கவலை என்றுதான் எல்லோரும் பேசினோம். அப்புறம் மழை வந்தது, கிணறும் ஊறியது. மாமா எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் அம்மாயி, "இது வெசனம் இல்ல சாமி, நோவு" என்று சொன்னார். எங்கள் வீட்டில் அதை முதலில் புரிந்துகொண்டது பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாயிதான்.

மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோவிலுக்குப் போனோம், ஒரு கோடாங்கியிடமும் போனோம். ஒரு மருத்துவமனை மாற்றி இன்னொரு மருத்துவமனை என்று ஐந்து வருடம் அலைந்தோம். ஒவ்வொரு இடத்திலும் "ஏற்கனவே என்ன சாப்பிட்டார்?" என்று கேட்காமலே புது மாத்திரை. இரண்டு வாரம் பார்ப்போம், தூக்கமாகவே இருக்கிறது என்று நாங்களே நிறுத்துவோம். தவறு எங்கள் மேலும் உண்டு. 2021-ல் ஒரு டாக்டர், பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். அத்தை மஞ்சப்பை நிறைய எடுத்துப் போனார். டாக்டர் அவற்றை மேசையில் தேதி வாரியாக அடுக்கினார், அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. ஏழு விதமான மாத்திரையில், தேவையான அளவில் ஆறு வாரமாவது சாப்பிட்டது இரண்டே இரண்டு. "மருந்து கேக்கலைன்னு சொல்றீங்க, நாம இன்னும் மருந்தே சரியாக் குடுக்கலைங்க" என்றார். அத்தை அங்கேயே அழுதுவிட்டார்.

தைராய்டு பார்த்தார்கள். மாத்திரையை ஒழுங்காக ஏற்றினார்கள், கூடவே லித்தியம் என்ற மனநிலை மருந்து, அதற்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதிலும் பாதிதான் தேறினார். அப்புறம் கரண்ட் வைத்தியம், அதாவது தலையில் மின்சாரம் செலுத்துகிற இ.சி.டி. பேரைக் கேட்டதுமே வீடே நடுங்கியது. மயக்கமும் தசை தளர மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யவே கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. மாமா தூங்கி எழுந்ததுதான் எங்களுக்குத் தெரியும். அந்த மாதம் நடந்த ஒரு கல்யாணம் அவருக்கு இன்றைக்கும் நினைவில் இல்லை, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்பதாவது முறை முடிந்து வந்த அன்று அவரே தோட்டத்துக் கேட்டைத் திறந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினார்.

மாமாவுக்கு மெசின் தேவைப்படவில்லை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் எழ முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மெசின் ஒரு கதவு, அதை யாரும் அடைக்கக் கூடாது. ஆனால் விவரம் முழுதும் தெரிந்து, அவர்களே சம்மதித்துத் திறக்க வேண்டிய கதவு. காணொளி பார்த்து, நிலத்தை விற்று அல்ல. என் கோபமெல்லாம், பழைய சீட்டைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் "இவருக்கு எதுவும் கேட்காது" என்று ஒரு மனிதர் மேல் முத்திரை குத்துவதன் மேல்தான். மருந்து கேட்கவில்லை என்றால் அது நோயாளியின் குற்றம் இல்லை. ஆனால் நம் வீடுகளில் அதைக் குற்றமாகவே பார்க்கிறோம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவரைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். மாமாவைப் பார்க்க அந்த ஐந்து வருடத்தில் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அண்ணனிடம் கேட்டேன், எத்தனை மாத்திரை, எந்த அளவில், எத்தனை வாரம் என்று. தெரியவில்லை. கரண்ட் வைத்தியம் பற்றி யாராவது சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. அண்ணி சாகிறேன் என்று எப்போதாவது சொன்னால் அந்த நிமிடமே கூப்பிட 14416 எண்ணைக் கொடுத்தேன். டெலிமானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். நிலத்துப் பேச்சை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அட்டாலியில் கிடக்கிற சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். இப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பது எப்படி என்று அண்ணனிடம் பேச, காங்கேயத்திலிருந்து அத்தையும் வருகிறார்.