அடுத்தவர் ஆளைத் தூக்கிவிடத் தெரியாதவர் எதற்குக் கூட்டாக புக் பண்ண வருகிறார்?

எங்கள் குழுவில் ஆளுக்கொரு ரெஸ்லிங் கம்பெனியை, அதாவது ப்ரொமோஷனை, எடுத்துக்கொண்டு அதன் ஷோக்களைக் கற்பனையாக எழுதுகிறோம். யார் யாரிடம் எப்படித் தோற்பார் என்று எழுதுவதுதான் புக் பண்ணுவது. டபிள்யூடபிள்யூஎஃப்பை எழுதுபவர் போட்ட சனிக்கிழமை ஷோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அட்மின் போட்ட ஒற்றை வரிப் பதிலைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அவர் ப்ரொமோஷன், அவர் இஷ்டம்." ஒரு ஆளை வளர்த்து நிறுத்த ஒருவர் மாதக்கணக்கில் பட்ட பாட்டுக்கு இந்த நான்கு சொல்தான் மரியாதை போலிருக்கிறது.

குழுவில் இருப்பவர்களுக்கு நடந்தது தெரியும். ஆனால் "லான்ஸ் ஸ்டார்ம் தோற்றதால் அழுகிறார்கள்" என்று சிலர் திரித்துக்கொண்டிருப்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ம் தோற்பார் என்பது முன்பே பேசி முடித்த விஷயம். ஸ்டார்மின் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவை எழுதும் அண்ணனே ஒப்புக்கொண்டது. இருபது நிமிட மேட்ச், கடைசியில் டபிள்யூடபிள்யூஎஃப் ஆள் அண்டர்டேக்கர் ஜெயிப்பார். நடுவில் ரெஃப்ரி விழுந்து கிடக்கும்போது ஸ்டார்மின் மேப்பிள் லீஃப் பிடியில் அண்டர்டேக்கர் டேப் அவுட் ஆவார், அதாவது கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வார், ரெஃப்ரி அதைப் பார்க்கமாட்டார். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் அண்ணன் தன் ஆளைத் தோற்கக் கொடுத்தார். வந்தது என்ன? பெல் அடித்தது, அண்டர்டேக்கரின் ஒரு பூட் உதை, ஒரு சோக்ஸ்லாம், லாஸ்ட் ரைட் என்று ஒரு தூக்கியடி, ரெஃப்ரியின் ஒன்று இரண்டு மூன்று. மூன்று நிமிடம்கூட இல்லை. போதாக்குறைக்கு கமென்ட்ரியில் "யாருப்பா இந்தப் பையன்?" என்று ஒரு வரி.

அந்த வரியை எழுதியவருக்கு ஸ்டார்ம் யாரென்று தெரியாது என்று நான் நம்பவில்லை. 2000இல் டபிள்யூசிடபிள்யூவில் ஒரே சமயத்தில் மூன்று டைட்டில்களை வைத்திருந்த ஆள் அவர். நிஜத்தில் அவரை அதற்குமேல் யாரும் கொண்டுபோகவில்லை. நம்ம அண்ணன் கொண்டுபோனார். எப்படி என்று கவனித்துப் படித்தவர்களுக்குத் தெரியும். ஸ்டார்ம் மைக்கைப் பிடித்தால் "ஒரு நிமிடம் சீரியஸாகப் பேசலாமா" என்றுதான் ஆரம்பிப்பார், அது அவருடைய நிஜமான வழக்கம். அண்ணன் அதையே கதையாக்கினார். ஒவ்வொரு ஷோவிலும் அந்த வரியைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். ஒருமுறை பாட்டு ஒலிக்கும், ஒருமுறை முதுகில் நாற்காலி விழும், ஒருமுறை மைக்கையே அணைத்துவிடுவார்கள். அந்த ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுக்க அந்த உலகத்தில் ஒருவருக்கும் மனசில்லை. அண்டர்டேக்கர் டேப் அவுட் ஆகவேண்டியிருந்த அந்தக் கட்டம்தான் ஸ்டார்முக்குக் கிடைக்கவேண்டிய நிமிடம். இத்தனை ஷோவாக அதற்காகத்தான் எழுதிக்கொண்டே வந்தார். அதைத்தான் தூக்கிக் குப்பையில் போட்டார்கள்.

நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். கூட்டாக புக் பண்ண வருபவருக்கு முதலில் தெரியவேண்டியது அடுத்தவர் ஆளைத் தூக்கிவிடுவது. தன் ஆளை ஜெயிக்கவைப்பது அதற்கப்புறம். அண்டர்டேக்கருக்கு ஒரு நொடி வலித்ததாகக்கூட எழுத மனம் வராதவர் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது.

"இதெல்லாம் கற்பனைதானே, யாருக்கு என்ன நஷ்டம்" என்று கேட்கிறார்கள். கற்பனைதான். ரெஸ்லிங்கே முடிவை முன்னாடியே எழுதிவைத்துக்கொண்டு நடத்துவதுதான். அப்புறம் எதற்கு டபிள்யூசிடபிள்யூவின் 1997 ஸ்டார்கேட் ஷோவை நினைத்து இன்றைக்கும் ரசிகர்கள் கொதிக்கிறார்கள்? ஒரு வருஷத்துக்கும் மேலாக ஸ்டிங் மேட்ச் ஆடாமல், அநேகமாக வாயையும் திறக்காமல், அரங்கத்தின் கூரையில் நின்று தன் எதிரி ஹோகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிசம்பர் 28 அன்று அந்த மேட்ச் வந்தது. ரெஃப்ரி நிக் பேட்ரிக் அவசர அவசரமாக எண்ணி ஸ்டிங்கை ஏமாற்ற வேண்டும், இன்னொரு வீரர் பிரெட் ஹார்ட் வந்து நியாயம் கேட்க வேண்டும் என்பது திட்டம். எண்ணிக்கையோ சாதாரண வேகத்தில் வந்தது. பார்த்தவர்களுக்கு ஹோகன் நேர்மையாகவே ஜெயித்ததாகத்தான் தெரிந்தது. கடைசியில் பெல்ட் ஸ்டிங்கிடம்தான் போனது. ஆனாலும் அன்றைக்குச் சின்னவராகிப் போனது ஸ்டிங்தான்.

அதே வருஷம் மார்ச்சில், டபிள்யூடபிள்யூஎஃப்பின் பெரிய ஷோவான ரெஸில்மேனியா 13இல், ஸ்டீவ் ஆஸ்டின் தோற்றார். முகமெல்லாம் ரத்தம். பிரெட் ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் கிடந்து மயங்கினாரே தவிர, கையைத் தட்டவில்லை. தோற்ற அந்த ராத்திரிதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. நாங்கள் கேட்டதும் இதைத்தானே? ஸ்டார்மை ஜெயிக்கவை என்று யார் கேட்டது? நன்றாகத் தோற்கவை என்றுதானே கேட்டோம்!

இப்போது "அவர் ப்ரொமோஷன், அவர் இஷ்டம்" என்பதற்கு வருகிறேன். இந்த விஷயத்தை நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1948இல் அமெரிக்காவில் வட்டாரப் ப்ரொமோட்டர்கள் சேர்ந்து என்டபிள்யூஏ ஆரம்பித்தார்களே, அது என்ன? ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ரோஸ்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒரே உலக சாம்பியன். லூ தெஸ்ஸிலிருந்து ரிக் ஃப்ளேர் வரை அந்த சாம்பியனுடைய தொழிலே ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் ஹீரோவைப் பெரிய ஆளாகக் காட்டுவதுதான். இதோ ஜெயித்துவிடப் போகிறான் என்று கூட்டம் எழுந்து நிற்கும்வரை அடி வாங்குவார். அறுபது நிமிடம் ஓடி டிராவில் முடியும், இல்லையென்றால் டிஸ்குவாலிஃபிகேஷனில் தப்பிப்பார். சாம்பியன் பெல்ட்டோடு அடுத்த ஊருக்குப் போவார், உள்ளூர் ஹீரோ முன்னைவிடப் பெரியவராக அங்கேயே நிற்பார், டிக்கெட் விற்கும். அவர்கள் ஒருவரையொருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. பெல்ட்டோடு ஓடிவிடக் கூடாது என்று சாம்பியனிடம் 25,000 டாலர் டெபாசிட் வாங்கிய காலமும் உண்டு. பணம் சம்பாதிக்க வந்த அந்த முரட்டு வியாபாரிகளுக்கே அடுத்தவர் ஆளைத் தூக்கிவிட்டால்தான் தன் பிழைப்பும் ஓடும் என்பது புரிந்திருந்தது. காசே புரளாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குப் புரியவில்லை என்றால் என்ன சொல்வது?

உடனே 1994இல் இசிடபிள்யூ கம்பெனியின் ஷேன் டக்ளஸ், தான் ஜெயித்த என்டபிள்யூஏ பெல்ட்டைத் தூக்கி எறிந்ததைச் சொல்வார்கள், இசிடபிள்யூ அதில்தானே வளர்ந்தது என்பார்கள். சரி. எறிந்தவர்கள் அந்தக் கூட்டை விட்டுத் தனியாகப் போனார்கள். இவரும் தனியாகப் போய் எழுதட்டும், நானே படிக்கிறேன். ஆடம் ரைலேண்டின் டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங் கேம் இருக்கிறது. எந்த ப்ரொமோஷனை வேண்டுமானாலும் எடுத்து, யாரை வேண்டுமானாலும் மூன்று நிமிடத்தில் முடிக்கலாம். எதிர்ப்பக்கம் நடத்தும் கம்ப்யூட்டருக்கு மனசு வலிக்காது.

"எதிர்பாராதது நடந்தால்தான் ரெஸ்லிங், 2014இல் அண்டர்டேக்கரின் ஸ்ட்ரீக்கையே லெஸ்னர் உடைக்கவில்லையா" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தொடர்ச்சியாக 21 ரெஸில்மேனியா வெற்றிகளைக் கட்டி எழுப்பியபிறகு உடைத்தார்கள், உடைத்தவர் ராட்சசன் ஆனார். சனிக்கிழமை யார் என்ன ஆனார்கள்? அண்டர்டேக்கர் முந்தின நாள் எங்கே இருந்தாரோ அங்கேயேதான் இருக்கிறார்.

புதியவர்களை நான் விரட்டுகிறேனாம். இதைப் படித்தபோதுதான் உண்மையிலேயே வலித்தது. நானும் புதியவனாக வந்தவன்தான். நான் வந்தபோது நல்ல ப்ரொமோஷன் எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது இசிடபிள்யூ. நிஜத்தில் 2001 ஜனவரியில் கடைசி ஷோ போட்டு, ஏப்ரலில் திவாலான கம்பெனி. டிவி இல்லை, பெரிய பெயர் இல்லை, நான் எழுதும் ஷோவை யாரும் படிக்கவும் இல்லை. ஒருநாள் அண்ணன் தனியாக மெசேஜ் போட்டார். "புக்கர் டியை உன் ஷோவுக்கு அனுப்புறேன். ஜெர்ரி லின்னோட விடு. அவன் பிரமாதமான ஆள், யாரும் கண்டுக்க மாட்டேங்கிறாங்க." ஜெர்ரி லின் என் ஆள். அண்ணனின் புக்கர் டி அப்போது எங்கள் பொது உலக சாம்பியன். நான் பயந்துகொண்டே அவர் சுலபமாக ஜெயிப்பதாக எழுதி அனுப்பினேன். அப்படியே திருப்பி அனுப்பினார். "என் ஆளை அடி வாங்க வைப்பா. நிக்க முடியாம போகணும்." கடைசியில் முப்பது நிமிட டிரா. பெல் அடிக்கும்போது லின் அவரைத் தரையில் அமுக்கி வைத்திருக்கிறார், எண்ணிக்கை இரண்டில் நிற்கிறது. அந்த இரண்டில் நிறுத்தும் யோசனையும் அண்ணனுடையதுதான்.

அதற்கப்புறம் ஜப்பான் பக்கம் எழுதுபவர்கூட லின்னை அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்டார். என் சின்ன ப்ரொமோஷனை எல்லோரும் படிக்க ஆரம்பித்தார்கள். புதியவனை வரவேற்பது என்றால் இதுதான். சாம்பியனையே கையில் கொடுத்து அடிக்கச் சொன்ன மனிதருடைய ஆளை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, கேட்டால் நாங்கள் புதியவர்களை விரட்டுகிறோமாம்!

இன்னொன்று. எங்கள் கற்பனை உலகம் ஏன் 2001 மார்ச்சில் ஆரம்பிக்கிறது என்று யோசித்தீர்களா? நிஜத்தில், டபிள்யூசிடபிள்யூவை ஒளிபரப்பிய டர்னர் சேனல்களுக்குப் பொறுப்பேற்ற ஜேமி கெல்னர், டபிள்யூசிடபிள்யூ நிகழ்ச்சிகளே வேண்டாம் என்றார். கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்க எரிக் பிஷாஃப் போட்ட திட்டம் அதோடு கவிழ்ந்தது. டபிள்யூடபிள்யூஎஃப் முதலாளி வின்ஸ் மக்மான் வாங்கிக்கொண்டார். கெல்னர் அப்படிச் சொல்லவே இல்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டதற்குக் காரணம், வாங்கியபின் டபிள்யூசிடபிள்யூ ஆட்கள் படையெடுத்து வருவதாக அவர் நடத்திய இன்வேஷன் கதை மேல் இருந்த ஆத்திரம். மூன்று முறை டபிள்யூசிடபிள்யூ சாம்பியனாக இருந்த டைமண்ட் டல்லஸ் பேஜை, அண்டர்டேக்கரின் மனைவியைப் பின்தொடரும் ஆளாகக் கொண்டுவந்து, அந்த மனைவியிடமே தோற்கவைத்தார்கள். நவம்பரில் சர்வைவர் சீரிஸ் கடைசிச் சண்டை. டபிள்யூடபிள்யூஎஃப்பை எதிர்த்த அணியின் ஐந்து பேரைப் பாருங்கள். ஆஸ்டினும் கர்ட் ஆங்கிளும் டபிள்யூடபிள்யூஎஃப் ஆட்கள். ஷேன் மக்மான் முதலாளியின் மகன். ராப் வான் டாம் இசிடபிள்யூக்காரர். டபிள்யூசிடபிள்யூ ரிங்கிலிருந்து வந்தவர் புக்கர் டி ஒருவர்தான்.

நிஜத்தில் அதை நடத்தியவர்களுக்காவது சொல்ல ஒரு காரணம் இருந்தது. ஸ்டிங், கோல்ட்பெர்க், ஃப்ளேர், நேஷ் எல்லோருடைய காண்ட்ராக்ட்டும் டபிள்யூசிடபிள்யூவின் பழைய உரிமையாளரான டைம் வார்னரிடம் இருந்தது, வீட்டிலிருந்தபடியே அவர்களுக்குச் சம்பளம் வந்தது. நமக்கு என்ன நிர்ப்பந்தம்? காண்ட்ராக்ட் இல்லை, காயம் இல்லை, டிவி முதலாளி இல்லை. அந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் ஒன்றுகூடினோம். அதே டபிள்யூடபிள்யூஎஃப் பக்கத்திலிருந்து, அதே அண்டர்டேக்கரை வைத்து, அதே அநியாயத்தை மறுபடி செய்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம், ஏனென்றால் இது "ஜாலிக்காக".

எனக்கும் இது ஜாலிதான். வேலை முடிந்து வந்து ராத்திரி அடுத்தவர் ஷோவைப் படித்து, அதிலிருந்து நம் ஷோவுக்கு ஒரு நூல் எடுத்து எழுதும்போது கிடைக்கும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. அண்ணன் சனிக்கிழமையிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. கோபப்படவில்லை, விளக்கம் கேட்கவில்லை, அந்த ஷோவுக்கு ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த லைக்கை எடுத்துக் காட்டி "அவரே ஏற்றுக்கொண்டார், உங்களுக்கு என்ன" என்கிறார்கள். அவர் அப்படிப்பட்ட மனிதர், அதனால் லைக் போட்டார். ஒருவர் பெருந்தன்மையாக இருக்கிறார் என்பதற்காக அவர் தலையில் ஏறி உட்காரலாமா?

அட்மினிடம் நான் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமை முடிவைக் கணக்கில் எடுக்காமல், பேசி முடித்தபடி அந்த மேட்சைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அண்டர்டேக்கரே ஜெயிக்கட்டும். அதுவரை இசிடபிள்யூ ஷோ வராது, ஜெர்ரி லின்னையும் எந்த ப்ரொமோஷனுக்கும் அனுப்பமாட்டேன். கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக வரலாம், ஆனால் முதலில் ஸ்டார்மின் ஷோக்களை ஆரம்பத்திலிருந்து படித்துவிட்டு வாருங்கள்.