கதவு எண் கொடுத்தாச்சு, பதில் எங்கே?

ஒரு வீட்டுக்கு எந்தெந்த நிறுவனத்தின் இணையம் வரும், ராத்திரி ஒன்பது மணிக்கு அது என்ன வேகத்தில் ஓடும், முதல் வருடச் சலுகை முடிந்த பிறகு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிப்பதற்குள் மனுஷனுக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, முடியாமல்தான் எழுதுகிறேன்.

பின்கோடைப் போடுங்கள், உங்கள் பகுதியில் இருக்கும் எல்லா பிராட்பேண்ட் நிறுவனங்களையும் ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்கிறார்கள் ஒப்பீட்டு இணையதளக்காரர்கள். போட்டால் நீளமாக ஒரு பட்டியல் வருகிறது. ஒவ்வொன்றையும் திறந்து தெருப் பெயரும் கதவு எண்ணும் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கிறது. ஒன்று 'விரைவில் வருகிறோம்' என்கிறது. இன்னொன்று, ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இல்லை, மொபைல் சிக்னலில் ஓடும் ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது. கடைசியில் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. ஒரு பின்கோடுக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கும். ஏதோ ஒரு தெருமுனையில் கேபிள் இழுத்துவிட்டு மொத்தப் பகுதிக்கும் 'சேவை உண்டு' என்று எழுதிவிடுவதா? ஏட்டுச் சுரைக்காயை வைத்து நான் என்ன செய்வது?

இது ஏதோ விற்பனைக்காரர்கள் மட்டும் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் தகவல்தொடர்பைக் கண்காணிக்கும் எஃப்சிசி என்ற அரசு அமைப்பே பல வருடங்கள் இப்படித்தான் கணக்கெடுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு சின்னப் பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க முடிந்தால் போதும், அந்தப் பகுதி முழுக்க இணையம் இருப்பதாகக் கணக்கு. மற்ற வீடுகள் இல்லாத இணையத்தோடு வரைபடத்தில் பளிச்சென்று இருந்தன. இதைச் சரிசெய்ய 2020ல் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. முகவரி வாரியாகக் காட்டும் வரைபடம் 2022 நவம்பரில்தான் வெளியானது. அதில் உங்கள் வீட்டைப் பற்றித் தப்பாகப் போட்டிருந்தால் நீங்களே ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆக, வீடு வீடாகச் சொல்ல முடியும் என்பது நிரூபணமான விஷயம். அப்புறம் ஏன் மற்ற இடங்களில் இன்னும் பின்கோடையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

அடுத்தது போன் நம்பர். முகவரியைக் கொடுத்தாலும் பதில் வராது. நம்பர் கொடு, ஓடிபி போடு, அதற்குப் பிறகும் 'எங்கள் பிரதிநிதி உங்களை அழைப்பார்' என்று ஒரு வரிதான். அழைப்பார்கள், சந்தேகமே வேண்டாம். காலையில் ஒருவர், மத்தியானம் வேறு ஒருவர், நான் நம்பரே கொடுக்காத நிறுவனத்திலிருந்து இன்னொருவர். என் தெருவில் கேபிள் இருக்கிறதா இல்லையா என்பது என் போன் நம்பரைப் பொறுத்தா மாறப்போகிறது?

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நிறுவனத்திலிருந்து 'உங்க அட்ரஸ் ஃபீசிபிள் சார்', அதாவது இணைப்புக் கொடுக்க முடியும் என்று உறுதியாகச் சொன்னார்கள். முன்பணமும் கட்டியாயிற்று. சொன்ன நாளில் டெக்னீஷியன் வந்தார். மாடிப்படிக்குக் கீழே சுவரில் இருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மஞ்சள் வயர்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. டார்ச் அடித்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துவிட்டு, 'போர்ட் எல்லாம் ஃபுல் சார், புதுப் பெட்டி வெச்சாத்தான் முடியும்' என்றார். எப்போது வைப்பார்கள்? 'அது எங்க கையில இல்ல சார்.' அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. வெயிலில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். பெட்டி நிரம்பியது தெரியாமலா எனக்கு 'ஃபீசிபிள்' சொன்னார்கள்? கட்டிய பணம் திரும்பி வருவதற்கு நான் விடாமல் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஃபைபர் எப்படி வீட்டுக்கு வருகிறது என்று பார்த்தால் கோபம் இன்னும் கூடும். பரவலாக இருக்கும் ஜிபான் (GPON) என்ற ஃபைபர் முறையில், நிறுவனத்தின் நிலையத்தில் இருக்கும் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு இழை கிளம்பும். வழியில் ஸ்பிளிட்டர் என்ற பிரிப்பானில் அது பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். அத்தனை வீட்டுக்கும் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிகாபிட்; ஒரு ஜிபிபிஎஸ் என்றால் 1,000 எம்பிபிஎஸ்), அப்லோடு சுமார் 1.25 ஜிபிபிஎஸ். எந்த வீடு எந்த ஸ்பிளிட்டரில் தொங்குகிறது என்ற விவரம் இல்லாமல் அவர்களால் ஒரு பழுதைக்கூடச் சரிபார்க்க முடியாது. இருக்கிற விவரத்தைத்தான் என்னிடம் மறைக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றிப் பேசினால் அது தனிக் கொடுமை. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் உச்ச வேகம். டெலிபோன் செம்புக் கம்பியில் வரும் இணையமாக இருந்தால், தெருப் பெட்டிக்குப் பக்கத்து வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் வரும், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அதில் ஒரு பங்குதான் வரும். இரண்டு வீட்டுக்கும் ஒரே விளம்பரம், பல சமயம் ஒரே கட்டணம். பிரிட்டனில் 2018 மே மாதம் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: விளம்பரத்தில் சராசரி வேகம் என்று போட்டால், அது இரவு 8 முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்க வேண்டும். அதற்கு முன்பு பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது! இந்த விதி ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்லோடு வேகத்தைப் பெரும்பாலும் பட்டியலிலேயே போடுவதில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் வீடியோ காலில் உறைந்துபோய் நிற்பது பலமுறை அதனால்தான். தாமதம், அதாவது ஒரு சிக்னல் போய்வர எடுக்கும் நேரம், அதைப் பற்றியும் பேச்சே கிடையாது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாக வரும் 100 எம்பிபிஎஸ்ஸையும், சுவரைத் துளைத்து வரும் ஃபைபரின் 100 எம்பிபிஎஸ்ஸையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டுகிறார்கள். முதலாவதில் ஒரு சிக்னல் போய்வரவே அரை விநாடிக்கு மேல் ஆகும். அதில் பேசிப் பார்த்தால் தெரியும் வித்தியாசம். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12.5 எம்பிதான் (மெகாபைட்) இறங்கும் என்பதையாவது எங்கேயாவது எழுதுகிறார்களா?

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர் வாடகை, இன்ஸ்டாலேஷன், டேட்டா வரம்பு, ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் எல்லாம் பொடி எழுத்தில். 2024 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் இவற்றையெல்லாம், சலுகைக்குப் பிந்தைய கட்டணம் உட்பட, ஒரே அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும். வழக்கமான வேகமும் தாமதமும் அதில் இருக்கும். அங்கே முடிகிறது, மற்ற இடங்களில் முடியாதா?

இப்போது என்னைப் போன்றவர்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? முன்பின் பழகாத பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்க வீட்டில என்ன நெட்? ராத்திரி எப்படி ஓடுது?' என்று கேட்கிறோம். லேப்டாப்பை ரவுட்டரோடு வயரில் இணைத்து ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறோம். வைஃபையில் எடுத்தால் வீட்டுச் சுவர் தின்ற வேகமும் அதில் கலந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் அடுத்தவர் வீட்டில் போய் நின்று நான் ஏன் இந்த எண்ணை வாங்க வேண்டும்? எந்தப் போர்ட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு நெரிசல் என்பது ஒவ்வொரு ராத்திரியும் அந்த நிறுவனத்தின் கண்காணிப்புத் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து என் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் போடுங்கள். போட்டுவிட்டு, அப்புறம் என் நம்பரைக் கேளுங்கள்.