கடைசி இடத்தில் இருப்பவருக்காகவும் ஒரு லீக்

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் வழக்கமாகப் பசியாறும் கடையில் நண்பன் ஒருவன் சொன்னான்: "மச்சான், இந்த வருஷம் என்னை லீக்ல சேர்க்காதே." ஏன் என்று கேட்டேன். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "டிசம்பர்லயே நான் கடைசிடா. அதுக்கப்புறம் குரூப்ல என் பேரை யாருமே எடுக்கல. நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றான்.

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் என்னைத் தைத்தது. ஒன்பது சீசனாக எங்கள் நண்பர்களின் இந்த ஃபேன்டசி காற்பந்து லீக்கை நடத்துகிறவன் நான். அவன் சொன்னதை இரண்டு மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்களுக்குள் லீக் நடத்தும் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2016 ஆகஸ்டில் ஏழு பேரோடு தொடங்கினோம். எல்லோரும் ஒரே இடைநிலைப்பள்ளி, ஒரே திடல். இப்போது 22 பேர். ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் ஜொகூர் பாருவில். இன்னொருவனுக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கிள்ளானில் லோரி ஓட்டுபவன் இருக்கிறான். நண்பன் ஒருவனின் தங்கை தாதியாக வேலை செய்கிறாள், எங்களில் பாதிப் பேரைவிட நன்றாக விளையாடுவாள். முன்பு தினமும் பார்த்துக்கொண்டவர்கள் இப்போது தீபாவளிக்கும் கல்யாண வீட்டிலும்தான் சந்திக்கிறோம். "எப்படிடா இருக்க" என்று போன் போட்டுக் கேட்க நம் ஆண்களுக்கு ஏனோ கூச்சம். "ஏன்டா ஹாலண்டை பெஞ்ச்ல வச்ச" என்று ஒரு காற்பந்து நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்க யாருக்கும் கூச்சமில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் அப்பாவுக்கு டயாலிசிஸ், வேலை போனது, இரண்டாவது குழந்தை எல்லாம் மெதுவாக வெளியே வரும். என்னைப் பொறுத்தவரை ஃபேன்டசி லீக்கின் பயன் அதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்து பிரீமியர் லீக் காற்பந்தை வைத்து ஆடும் ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் ஆளுக்கு 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம். அதற்குள் 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. வாரா வாரம் 11 பேரை இறக்க வேண்டும், மீதி நால்வர் பெஞ்சில். இறங்குபவர்களில் ஒருவரைக் கேப்டன் ஆக்கினால் அவருக்கு இரட்டைப் புள்ளி. அவர்கள் நிஜத் திடலில் செய்வதெல்லாம் நம் கணக்கில் புள்ளியாக ஏறும். இப்படி 38 வாரம்.

சிக்கலே அந்த 38 வாரம்தான். சாதாரண லீக்கில் மொத்தப் புள்ளி மட்டுமே கணக்கு. தொடக்கத்தில் ஒரு பெரிய தவறு செய்தவர் அதை மே மாதம் வரை சுமக்க வேண்டும். போன 2024-25 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் ஆட்டக்காரர் முகமட் சாலா 29 கோல் போட்டு, 18 கோலுக்கு வழி அமைத்து, 344 புள்ளி எடுத்தார். அதற்கு முன் இந்த விளையாட்டில் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அந்த ரொட்டி சானாய் நண்பன் தீவிர மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். லிவர்பூல் ஆளை என் அணியில் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான். நாங்கள் வாரா வாரம் சாலாவைக் கேப்டன் ஆக்கி இரட்டையாக அள்ளினோம். டிசம்பரில் அவனுக்கும் முதலிடத்துக்கும் இடையில் எட்டவே முடியாத தூரம். அவன் அணியைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். காயம்பட்டவர் கேப்டனாகவே கிடந்தார். நாங்கள் அவன் அணியைப் "பேய் அணி" என்று கூப்பிட்டோம். நானும்தான் கூப்பிட்டேன். இன்று அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு லீக் எப்படி நடக்கிறது என்று பார்க்க முதல் மூன்று இடங்களைப் பார்க்காதீர்கள். அவர்களை யாரும் தூண்டத் தேவையில்லை, தானாகவே விளையாடுவார்கள். பிப்ரவரி மாதம் கடைசி ஐந்து இடங்களில் இருப்பவர்கள் இன்னும் அணியை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். மாற்றவில்லை என்றால் தவறு நடத்துபவருடையது. "அவன் அணி, அவன் பொறுப்பு" என்று என் நண்பர்களே வாதாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, கடைசிப் பந்தியில் இருப்பவர் இலையைக் கவனிக்காமல் போவது போன்றது அது.

அதனால் இந்த 2025-26 சீசனில் சிலவற்றை மாற்றுகிறேன். முதல் மாற்றம், மொத்தப் புள்ளி லீக்கோடு நேருக்கு நேர் லீக்கும் நடக்கும். அதில் ஒவ்வொரு வாரமும் ஒருவரோடு மட்டும்தான் மோதல். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. நாங்கள் 22 பேர், இரட்டைப்படை என்பதால் வசதி. ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவர் அந்த வாரத்தின் சராசரிப் புள்ளியோடு மோத வேண்டியிருக்கும், அதில் ருசி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பத்துப் பேரோடு இதைத் தனியாக நடத்திப் பார்த்தேன். மார்ச் மாதத்தில் ஒரு வாரம் கடைசி இடத்தில் இருந்த அந்தத் தாதித் தங்கை முதலிடக்காரனைத் தோற்கடித்தாள். அன்றிரவு குழு ஒரு மணி வரை தூங்கவில்லை. சாதாரண லீக்கில் அதே புள்ளியை அதே வாரம் எடுத்திருந்தால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்புறம், மாதப் பரிசு. தனியார் லீக்கில் மாதவாரியாகவும் பட்டியல் பார்க்கலாம். பலர் அந்தப் பகுதியைத் திறப்பதே இல்லை. ஆகஸ்டு முதல் மே வரை பத்து மாதம், பத்து வெற்றியாளர்கள். நவம்பரில் சரிந்தவர் டிசம்பர் முதல் வாரத்தில் எல்லோரோடும் சமமாக நிற்பார்.

இந்த 2025-26 சீசனின் புதிய விதிகளும் கீழே இருப்பவருக்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன. வைல்ட்கார்டு, ஃப்ரீ ஹிட், பெஞ்ச் பூஸ்ட், டிரிபிள் கேப்டன் என்ற சிறப்புச் சலுகைச் சீட்டுகள் எல்லாம் இப்போது சீசனின் முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று. முதல் பாதிக்கு உரியவற்றை டிசம்பர் இறுதிக்குள் பயன்படுத்தாவிட்டால் போய்விடும். புத்தாண்டில் எல்லோர் கையிலும் புதிய சீட்டு. ஆட்டக்காரர்கள் பலர் ஆப்பிரிக்கக் கிண்ணப் போட்டிக்குப் போவதால், 16-வது வாரத்தில் எல்லோருக்கும் ஐந்து இலவச மாற்றம் (புள்ளி இழக்காமல் ஆள் மாற்றும் வாய்ப்பு) தருகிறார்கள். டிசம்பரில் சலித்துப் போயிருப்பவரைப் பிடித்து உட்கார வைத்து அணியை அடியோடு மாற்றச் சொல்ல அதைவிட நல்ல வாரம் இல்லை. நான் அந்த வாரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் செய்யப் போகிறேன்.

சரி, பணம்.

முன்பு ஆளுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டோம். முதல் இடத்துக்கு முக்கால்வாசி. ஒரு சீசன் கடைசி நாளில் இரண்டு பேர் ஒரே புள்ளியில் முடித்தார்கள். சீசன் முழுக்கக் குறைவாக ஆள் மாற்றியவருக்கே மேல் இடம் என்பது விளையாட்டின் விதி. ஆனால் ஆகஸ்டில் கடையில் உட்கார்ந்திருந்தபோது, "சமமா வந்தா ரெண்டா பிரிச்சுக்கலாம்" என்று நான் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். ஒருவனுக்கு அது ஞாபகம் இருந்தது, மற்றவனுக்கு இல்லை. எழுதி வைக்காதது என் பிழை. பள்ளியில் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த இருவர் ஒன்றரை வருடம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கல்யாணத்தில் அவர்கள் அம்மாக்கள்தான் சேர்த்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லா விதியும் எழுத்தில் வந்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கு முன் குழுவில் போட்டு, 22 பேரும் "சரி" என்று பதில் போட்ட பிறகே தொடங்குவோம். சீசன் நடுவில் எந்த விதியும் மாறாது, எவ்வளவு நியாயமான மாற்றமாக இருந்தாலும் அடுத்த ஆகஸ்டுக்குத்தான். தொகையையும் 50 வெள்ளியாகக் குறைத்தோம். மொத்தம் 1,100 வெள்ளி. மாதத்துக்கு 40 வீதம் பத்து மாதத்துக்கு 400, முதலிடத்துக்கு 150, நேருக்கு நேர் லீக்கில் வெல்பவருக்கு 100. மீதி 450 வெள்ளி எல்லோரும் சேர்ந்து சாப்பிட. ஜெயிப்பவருக்கு இது குறைவு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். குறைவாகவே இருக்கட்டும். காற்பந்துப் பந்தயத்தில் வீட்டையும் நகையையும் தொலைத்த குடும்பங்களை நான் வளர்ந்த அடுக்குமாடியிலேயே பார்த்திருக்கிறேன். நம் குழுவில் அந்த வாடை வரக்கூடாது. "இந்த ஆட்டத்துக்குத் தனியா ஒரு பத்து வெள்ளி" என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவேன். யாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அமெரிக்காவில் அவர்களுடைய காற்பந்தை வைத்து ஆடும் ஃபேன்டசி லீக்குகளில் கடைசியாக வருபவருக்குத் தண்டனை கொடுப்பது வழக்கம். பொது இடத்தில் வேடம் போட்டு நிற்பது மாதிரி. அதைப் பார்த்துவிட்டு நம் பையன்களும் கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது மாதம் கீழேயே கிடந்தவர் ஏற்கனவே போதுமான அளவு கேலி கேட்டிருப்பார். எங்கள் லீக்கில் கடைசியாக வருபவர்தான் விருந்து எந்த உணவகத்தில் என்று முடிவு செய்வார். வாழையிலைச் சாப்பாடா, கடல் உணவா, அவர் இஷ்டம். மற்ற 21 பேரும் வாய் திறக்கக் கூடாது.

கேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேலி இல்லாவிட்டால் அந்தக் குழு எதற்கு? அணியைக் கேலி செய்யலாம், கேப்டன் தேர்வைக் கேலி செய்யலாம். வேலை, சம்பளம், குடும்பம், சாதி பக்கம் போகக் கூடாது. ஒருமுறை ஒருவன் அந்த எல்லையைத் தாண்டினான். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், புரிந்துகொண்டான். இதெல்லாம் குழுவில் பலர் முன்னால் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

நேரத்தைப் பற்றி மலேசியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அணியை மாற்றுவதற்கான டெட்லைன் அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு. முதல் ஆட்டம் சனிக்கிழமை என்றால் நமக்குப் பெரும்பாலும் மாலை 6 மணி, பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டம் வைத்தால்தான் தொல்லை. இந்த சீசனே அப்படித்தான் தொடங்குகிறது. 2025 ஆகஸ்டு 15, லிவர்பூலும் போர்ன்மத்தும். நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை 3 மணி. டெட்லைன் நள்ளிரவு தாண்டி 1.30. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் எல்லாம் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இரவு ஷிப்டில் நிற்பவன் ஞாபகம் வைத்திருப்பானா? தைப்பூசத்தையொட்டி இரவில் வெள்ளி ரதத்தோடு பத்துமலைக்கு நடப்பவர் நடுவழியில் கைப்பேசியை எடுத்து கேப்டனை மாற்றுவாரா? ஒவ்வொரு டெட்லைனுக்கும் ஒரு நாள் முன்பும் மூன்று மணி நேரம் முன்பும் நான் குழுவில் நினைவூட்டுகிறேன். ஐந்து நிமிட வேலை. ஒரே ஒரு முறை மறந்தேன், அந்த வாரம் ஆறு பேர் பழைய அணியோடு மாட்டிக்கொண்டார்கள்.

நேரத்தில் நமக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்து ரசிகர்களே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்க முடியாது. அங்கே அதற்குத் தடை. நாம் அதே ஆட்டத்தை இரவு 10 மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக்கோடு பார்க்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமையாவது கோலாலம்பூரில் இருப்பவர்கள் நேரில் கூட வேண்டும் என்பதும் இந்த வருட விதியில் சேர்ந்திருக்கிறது.

அப்பா எங்களைப் பார்த்து, "எங்கேயோ ஓடுற வெள்ளைக்காரனுக்கு நீங்க ஏண்டா ராத்திரி முழுக்க விழிக்கிறீங்க" என்பார். அவர் காலத்தில் மலேசிய அணிக்கு ஆறுமுகம் கோல்கம்பத்தில் நின்றார், நீண்ட கைகளோடு, "ஸ்பைடர்மேன்" என்று நாடே கூப்பிட்டது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தை அப்பா இன்றும் நிமிடம் நிமிடமாகச் சொல்வார். யாரோடு போனார், திரும்பும் வழியில் எங்கே சாப்பிட்டார்கள், யார் காசு கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். அந்த நண்பர்களில் இருவர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்கள்.

நேற்றிரவு ரொட்டிக் கடை நண்பனுக்கு போன் செய்தேன். "பேய் அணி" என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றான். புதிய ஏற்பாடுகளைச் சொன்னேன். நேருக்கு நேர் லீக்கில் முதல் வாரமே அவனும் நானும் மோதினால் எப்படி இருக்கும் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டான்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: "சாலா 14.5, ஹாலண்ட் 14. ரெண்டு பேரையும் எடுத்தா மிச்சம் 71.5-ல 13 பேர் வருமா?"