அன்னம் தன் கதையைச் சொல்லவே இல்லை

ரஷ்யர்கள் ஆடுவதுதான் அசல் 'ஸ்வான் லேக்' (அன்ன ஏரி) பாலே, மற்றவர்கள் ஆடுவதெல்லாம் நகல் என்று போன வாரம் ஒரு தோழி அடித்துச் சொன்னாள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நேரில் பேச ஆரம்பித்தால் நீளும் என்று விட்டுவிட்டேன், இங்கே எழுதிவிடுகிறேன்.

2019 கோடையில் மாஸ்கோவின் போல்ஷோய் பாலே லண்டனுக்கு வந்து கோவென்ட் கார்டன் ராயல் ஓபரா ஹவுஸில் மூன்று வாரம் ஆடியது. 'ஸ்பார்டகஸ்', 'ஸ்வான் லேக்', 'தி பிரைட் ஸ்ட்ரீம்', 'டான் கிஹோட்டே' என்று நான்கு. கடைசியை விட்டுவிட்டு மூன்றைப் பார்த்தேன், மூன்றையும் மேல் மாடியின் ஓரத்து இருக்கையிலிருந்து. அங்கிருந்து முகம் சரியாகத் தெரியாது, ஆனால் தரையில் ஆட்டக்காரர்கள் போடும் கோலம் முழுசாகத் தெரியும். ஆடியவர்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. இரவுக்கு இரவு ஆள் மாறும், நான் சொல்ல வந்ததும் தனி ஆள்களைப் பற்றியது அல்ல.

முதலில் ஸ்பார்டகஸ், ரோமை எதிர்த்துக் கிளம்பிய அடிமையின் கதை. கச்சதூரியனின் இசை, யூரி கிரிகோரோவிச் 1968இல் அமைத்த நடனம். போல்ஷோய் என்றாலே ஆர்ப்பாட்டம் அதிகம், நுணுக்கம் குறைவு, சர்க்கஸ் மாதிரி இருக்கும் என்று இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள். இந்த ஆட்டத்தைப் பார்த்தபோது அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ரோமத் தளபதி கிராஸஸின் படை வாளும் கேடயமுமாகக் காலை விறைப்பாக உதைத்து உதைத்து நடந்து வருகிறது, அப்புறம் சங்கிலி பூட்டிய அடிமைகள். கண்ணுக்கு ஓட்டையே இல்லாத தலைக்கவசத்தை மாட்டிவிட்டு இரண்டு பேரை மோதவிடுகிறார்கள், ஸ்பார்டகஸ் எதிராளியைக் கொன்று முடித்துக் கவசத்தைக் கழற்றினால் கிடப்பவன் நண்பன். இதை எப்படி மெல்லிய குரலில் சொல்வது? ஆண்கள் கூட்டமாக எழும்பிப் பாயும்போது அரங்கமே அதிர்ந்தது. போல்ஷோயின் சொந்த மேடை இன்னும் பெரியது, இங்கே அவர்கள் நாலு பாய்ச்சலில் மறுபக்கம் போய் நின்றார்கள். அதே ஆட்டத்தில் ஸ்பார்டகஸும் அவன் மனைவி ஃப்ரிஜியாவும் சேர்ந்து மெதுவாக ஆடும் அடாஜியோ வரும். ஒரு பழைய பிபிசி கப்பல் தொடரின் தொடக்க இசையாக அது வந்ததால், என்னைச் சுற்றி இருந்த வயசானவர்கள் முதல் சுரத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் அவனை ஈட்டிமுனைகளில் தூக்கி நிறுத்தும் காட்சியில் யாரும் இருமக்கூட இல்லை. கிரிகோரோவிச் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

ஏனென்றால் எனக்குக் குறையாகத் தெரிந்த ஸ்வான் லேக்கை அமைத்ததும் அவர்தான்.

அதற்கு அம்மாவையும் கூட்டிப்போனேன், மதுரையிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருஷமாகப் பரதம் பார்ப்பவர், பாலே அதுவே முதல் தடவை. அன்னங்கள் வரிசை வரிசையாக இறங்கி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து பார்க்க அது உண்மையிலேயே ஒரே உடம்பு மூச்சு விடுவது மாதிரி இருந்தது, ஒரு கை, ஒரு கழுத்துக்கூடப் பிசகவில்லை. ஆனால் இடைவேளையில் அம்மா கேட்ட முதல் கேள்வி: "எல்லாம் சரிடி, அந்தப் பொண்ணு தான் யாருன்னு அவன்கிட்ட சொல்லவே இல்லையே?"

சொல்லவில்லைதான். பழைய அமைப்பில், அன்னமாக மாற்றப்பட்ட நாயகி ஓடெட் இளவரசனிடம் சொல்வாள். இந்த ஏரி என் அம்மா அழுத கண்ணீர், ஒரு மந்திரவாதி என்னை இப்படி ஆக்கிவிட்டான், என்னை மட்டுமே நேசிப்பதாக ஒருவன் சத்தியம் செய்தால்தான் எனக்கு விடுதலை என்று எல்லாவற்றையும் கையாலும் கண்ணாலுமே சொல்லும் ஒரு நீண்ட இடம் அங்கே உண்டு. பாலேயில் அதை மைம் என்பார்கள், நமக்கு அபிநயம் என்றால் புரியும். மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம், முஷ்டிகளைக் குறுக்கே வைத்தால் சாவு, இரண்டு விரலை உயர்த்தினால் சத்தியம். சோவியத் காலத்தில் இதெல்லாம் பழம்பாணி என்று ஒதுக்கி, அந்த இடத்தையும் நடனத்தாலேயே நிரப்பினார்கள். கிரிகோரோவிச்சின் அமைப்பில் அந்தத் தீய மந்திரவாதி இளவரசனின் நிழல் போலப் பின்னாலேயே ஆடுகிறான். அந்த இருவர் ஆட்டம் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அதனால் கதை முழுக்க இளவரசனுடையதாகி, அவள் அவன் கண்ட கனவு போல ஆகிவிடுகிறாள். பதத்தில் நாயகியின் அபிநயத்தை எடுத்துவிட்டு ஜதியை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்கு அது போதாது.

சரி, அசல் எது என்ற கேள்விக்கு வருகிறேன். இன்று நாம் ஸ்வான் லேக் என்று சொல்வது 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திபாவும் இவானோவும் அமைத்தது. அங்கே பணியாற்றிய நிக்கோலாய் செர்கேயெவ், புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறியபோது நடனக் குறிப்புகளைப் பெட்டி பெட்டியாக எடுத்துவந்தார். அவற்றை வைத்து 1934இல் லண்டனில், பின்னாளில் ராயல் பாலே ஆன குழுவுக்கு ஸ்வான் லேக்கைச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கண்ணீர்க் கதையை இங்கே பல பத்தாண்டுகள் ஆடினார்கள். மாஸ்கோவில் இப்போது ஆடுவதோ கிரிகோரோவிச் 1969இல் அமைத்தது. அவர் விரும்பிய சோக முடிவைக் கலாசார அமைச்சர் அனுமதிக்காததால் சுப முடிவோடு ஆடி, 2001இல்தான் தன் முடிவுக்கு மாற்றினார். ஊரை வைத்து அசல் எது என்று முடிவு செய்ய முடியாது.

மூன்றாவது பார்த்த பிரைட் ஸ்ட்ரீம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஷோஸ்டகோவிச் இசையமைத்து 1935இல் அரங்கேறிய நகைச்சுவை பாலே. கூட்டுப்பண்ணையில் அறுவடை விழா, மாஸ்கோவிலிருந்து கலைஞர்கள் வருகிறார்கள், ஆள்மாறாட்டம், நாய் வேஷத்தில் ஒருவன் சைக்கிள் ஓட்டுகிறான், ஒரு ஆண் வெள்ளைப் பாவாடை கட்டிக் கால்விரல் நுனியில் நின்று ஆடுகிறான். இவ்வளவு சந்தோஷமான ஆட்டத்தை 1936 பிப்ரவரியில் கட்சிப் பத்திரிகையான 'பிராவ்தா' தாக்கி எழுதியதும் நிறுத்திவிட்டார்கள். ஷோஸ்டகோவிச் அப்புறம் பாலேவுக்கு எழுதவே இல்லை. கதை எழுதிய இருவரில் ஒருவரான பியத்ரோவ்ஸ்கியை 1937இல் சுட்டுக் கொன்றார்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வெளியே வந்து, வீடு திரும்பும் ரயிலில் நிகழ்ச்சி மலரைப் புரட்டியபோது அதைப் படித்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

இதை 2003இல் புதிதாக அமைத்தவர் அலெக்ஸி ரத்மான்ஸ்கி, கீவில் வளர்ந்தவர். அவர் ஆட்டத்தில் மூலையில் நிற்கும் பண்ணைக்காரிக்குக்கூட ஒரு முகம், ஒரு எண்ணம் இருக்கிறது. யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று மேல் மாடிக்கே தெரிந்தது. அதே போல்ஷோய், அதே ஆட்டக்காரர்கள். அபிநயம் அவர்களுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வாய்ப்புக் கொடுத்தால் பிரமாதமாக வருகிறது.

2022 கோடையில் அவர்கள் மறுபடி வருவதாக இருந்தது. உக்ரைன் மேல் படையெடுப்பு தொடங்கிய மறுநாளே ராயல் ஓபரா ஹவுஸ் அதை ரத்து செய்தது. போல்ஷோய் ஒரு அரசு அரங்கம், அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்திருக்க முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன், வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். படையெடுப்பு தொடங்கிய அன்று ரத்மான்ஸ்கி மாஸ்கோவில் ஒரு புதிய பாலேவை அமைத்துக்கொண்டிருந்தார், பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவருடைய பிரைட் ஸ்ட்ரீமை நியூயார்க்கின் அமெரிக்கன் பாலே தியேட்டரும் ஆடியிருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் சொல்லுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்க வேண்டும்.