பொதுச்சொத்துன்னா நிலாவுல இருக்குற ஐஸ் யாருக்கு?
விண்வெளி எல்லாருக்கும் பொதுன்னு ஒரு கட்டுரைல படிச்சேன், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நாடுகள் சேர்ந்து போட்ட 1967 விண்வெளி ஒப்பந்தம் நிலாவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக்கூடாதுன்னு சொல்லுதே தவிர தோண்டி எடுக்குறது யாருக்குன்னு தெளிவா சொல்லல, அந்த கேப்லதான் 2015ல அமெரிக்கா, எடுக்குற கம்பெனிக்கே சொந்தம்னு சட்டம் போட்டுச்சு. நிலாவோட தென்துருவத்துல வெயிலே படாத பள்ளத்துலதான் ஐஸ், முதல்ல போறவன் துண்டு போட்டு இடம் பிடிச்சா மத்தவங்க என்ன பண்றது??

அதுக்காக ஒத்துழைப்பே நடக்காதுன்னு சொல்லல. 1975ல பனிப்போர் நடுவுலயே அமெரிக்காவோட அப்பல்லோ கப்பலும் சோவியத்தோட சோயுஸ் கப்பலும் விண்வெளில இணைஞ்சுச்சே, ரெண்டு கப்பல்லயும் காத்தழுத்தம் வேற வேறன்னு நடுவுல தனியா ஒரு அறையே செஞ்சாங்க, இணைப்பு வளையத்தைக்கூட எந்தப் பக்கம் வேணாலும் போய் பிடிக்கிற மாதிரி பண்ணாங்க (அதுலயும் ஈகோ பாத்திருப்பாங்க போல). இப்ப நிலாவுல எப்படி நடந்துக்கணும்னு அமெரிக்கா தலைமையில நாடுகள் போட்ட ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்துல சீனாவும் ரஷ்யாவும் இல்ல, அவங்க தனியா நிலாவுல ஒரு நிலையம் பிளான் பண்றாங்க.