சலிப்பு மட்டும்தான் காரணமா?

பாட்டு ஓட ஓட பிளாஸ்டிக் கிட்டாரில் வண்ணப் பொத்தான்களை அமுக்கி ஆடும் கிட்டார் ஹீரோ மாதிரி வீடியோ விளையாட்டுகள் மக்களுக்குச் சலித்துப்போனதால் ஒழிந்தன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி உண்மைதான். 2009-இல் வருஷத்துக்கு நாலைந்து என்று கொட்டினால் யாருக்குத்தான் திகட்டாது? மீதிப் பாதி பாட்டு உரிமம்.

ஒரு பழைய ராக் பாட்டைச் சேர்க்க இரண்டு பேரிடம் போக வேண்டும்: பாட்டை எழுதியவர் தரப்பு ஒன்று, ஒலிப்பதிவை வைத்திருக்கும் கம்பெனி இன்னொன்று. புதிதாக வாசித்துப் பதிந்தால் எழுதியவர் தரப்பு மட்டும் போதும். அதனால்தான் 2005-இல் வந்த முதல் கிட்டார் ஹீரோவில் பெரும்பாலும் வேறு ஆட்கள் வாசித்த நகல்கள். கேட்டாலே தெரியும், குரல் கொஞ்சம் ஒட்டாது. லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு கடைசிவரை மசியவே இல்லை.

வாங்கிய உரிமமும் நிரந்தரம் கிடையாது. கிட்டார் ஹீரோ லைவ் 2018 டிசம்பரில் சர்வரை மூடியபோது 484 பாட்டில் மிஞ்சியது வட்டில் இருந்த 42; மற்றவை இணையம் வழியாக வந்தவை. காசு கொடுத்து வாங்கியவன் கதி அதுதான்!

என் பிளாஸ்டிக் கிட்டாரில் ஆரஞ்சு பொத்தான் அமுங்கினால் எழாது, சுண்டுவிரலால் நெம்பிவிட வேண்டும். பரணில் கிடக்கிறது. பழைய வட்டைப் போட்டால் இன்றைக்கும் ஓடுகிறது. டவுன்லோடு பிரியர்கள் கவனிக்க.