கடைத் தக்காளி விதை மலட்டு விதையா?

"கடையில் வாங்கும் தக்காளியில் இருப்பது மலட்டு விதை, கம்பெனிக்காரன் முளைக்காதபடி செய்துவிட்டான்" என்று ஒரு செய்தி பார்வர்டு ஆகி வந்துகொண்டே இருக்கிறது. தப்பு. நன்றாகவே முளைக்கும். விதையை முளைக்காமல் செய்யும் 'டெர்மினேட்டர்' தொழில்நுட்பம் எந்தப் பயிரிலும் இதுவரை விற்பனைக்கே வரவில்லை.

பிறகு ஏன் சிலருக்கு முளைப்பதில்லை? பழுத்த தக்காளியை நறுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு விதையையும் சுற்றி வழவழவென்று ஒரு சவ்வு இருக்கும், பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் போட்டு 2, 3 நாள் புளிக்க விடுங்கள் (நாற்றம் வரும், மூடி வையுங்கள்), அப்புறம் கழுவினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். நிழலில் உலர்த்தி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால், 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலும் 5 முதல் 10 நாளில் முளை தலைகாட்டும். காயாகப் பறித்துப் பிறகு பழுக்க வைத்த பழமென்றால் விதை முற்றாமல் இருக்கலாம், அது வேறு கதை.

இந்த வதந்தியில் ஒரு துளி உண்மை உண்டு: கடைப் பழம் பெரும்பாலும் ஹைபிரிட் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது), அதனால் அதன் விதையிலிருந்து வரும் செடிகள் தாய்ச்செடி மாதிரியே இருக்காது. ஒன்று குட்டையாக நிற்கும், இன்னொன்று கொடி மாதிரி ஓடும், பழத்தின் அளவும் ருசியும் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பழம்தான் வேண்டும் என்பவர்கள் நாட்டு ரக விதை வாங்குவதே நல்லது.